ஒளிந்தே இருக்கும் லோச் மீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் வீட்டில் மீன் வளர்க்கும் நம்மவர்கள், லோச் என்ற தரை மீனை வாங்கிய கொஞ்ச நாளில் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். உறவுக்காரர்கள், பக்கத்து பிளாட் பிள்ளைகள், கோயிலில் பார்ப்பவர்கள் என யார் பேசினாலும் "மீன் வெளியிலேயே வரமாட்டேங்குது" என்றுதான் தொடங்கும். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். இங்கே அதிகம் வாங்கப்படும் குஹ்லி லோச், க்ளவுன் லோச் இரண்டையும் மனத்தில் வைத்து எழுதியது இது. மற்ற லோச் வகைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

அண்ணே, வாங்கிட்டு வந்து ஒரு வாரம் ஆச்சு. கண்ணுலயே படலை. செத்துப் போச்சா?

பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். குஹ்லி இரவில் நடமாடும் மீன். புது டேங்குக்கு வந்ததும் கிடைத்த முதல் இடுக்கில் புகுந்துகொண்டு, சுற்றுப்புறம் ஆபத்தில்லை என்று தெரியும்வரை அசையாது. இரண்டு மூன்று வாரம் அப்படி இருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டுமானால், விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் முகப்பில் ஒரு துணியைச் சுற்றி மங்கலான ஒளியில் பாருங்கள். கல்லையும் கட்டையையும் தூக்கி எண்ணிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அந்த இடம் பத்திரமானதில்லை என்றுதான் மீன் கற்றுக்கொள்கிறது. பழக எடுக்கும் நாள் இன்னும் நீளும்.

இது எந்த மாதிரி இடத்துல வாழுற மீன்? இந்த ஊர் மீனா?

குஹ்லி என்ற பெயரில் விற்கப்படும் பாஞ்சியோ வகைகள் மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ பக்கத்தவை. மெதுவாக ஓடும் ஓடைகளிலும் கரிமண் சதுப்புக் காடுகளிலும் இருப்பவை. தஞ்சோங் காராங் பக்கம் இருக்கும் வட சிலாங்கூர் சதுப்புக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் நினைவிருக்கும்: தேநீர் நிறம், மேலே மர நிழல், அடியில் அடுக்கடுக்காக மக்கிய இலை. குஹ்லியின் உடம்பு அந்த இலைகளுக்கு நடுவே நுழைந்து போவதற்கென்றே மெலிந்து நீண்டது. 8 முதல் 10 செ.மீ. வரை வளரும்.

க்ளவுன் லோச் சுமத்ரா, போர்னியோ ஆறுகளில் வாழ்வது. கடையில் விரல் நீளத்தில் இருப்பது டேங்கில் 20 செ.மீ. தாண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டுக்கு மேல் வாழும். நம் தாத்தா பாட்டி ஊரில் குழம்பு வைத்த அயிரையும் குஹ்லியும் ஒரே குடும்பம். தரையோடு தரையாக மண்ணைச் சலித்து உண்ணும் பழக்கம் இரண்டுக்கும் உண்டு.

ஒளிய இடம் கொடுத்தா அதுக்குள்ளேயே கிடக்கும். எல்லாத்தையும் எடுத்துட்டா வெளிய வந்துதானே ஆகணும்?

அதிகம் பேர் கேட்பது இதுதான். நடப்பது நேர்மாறாக இருக்கும். ஒளிய இடமில்லாத டேங்கில் லோச் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கும், கண்ணாடியோரம் மேலும் கீழும் ஓடும், நிறம் வெளுக்கும், சாப்பிடாது. வெளியில் தெரிகிறது என்பதற்காக அது பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தப்பிக்க வழி தேடுகிற மீன் அது. நாள்கணக்கில் பயத்திலேயே இருக்கும் மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், அடுத்து வெள்ளைப் புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய் வரும்.

டேங்கின் எந்தப் பகுதியில் இருந்தாலும் ஒரு பாய்ச்சலில் புகுந்துகொள்ள ஓர் இடம் இருந்தால், லோச் தைரியமாக வெளியே வரும். அதனால் இடத்தைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். மீன்களின் எண்ணிக்கையைவிட மறைவிடங்களின் எண்ணிக்கை அதிகமாக இருக்கட்டும். எல்லாவற்றையும் பின்பக்கம் ஒரே மூலையில் குவிக்காமல், முன் கண்ணாடிக்கு அருகிலும் இரண்டு மூன்று வையுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செடி நிழலில் போக முடிந்தால் பகலிலேயே நடமாட்டம் தெரியத் தொடங்கும். டேங்கின் பின்பக்கத்துக்கும் ஒரு பக்கவாட்டுக்கும் வெளியிலிருந்து கறுப்புத் தாள் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரிவது எந்தத் தரை மீனுக்கும் ஒத்துக்கொள்ளாது.

சரி, என்ன வைக்கலாம்? கடையில விக்கிற கோட்டை, மண்டை ஓடு எல்லாம் போதுமா?

அதைவிட ஹார்ட்வேர் கடையில் வாங்கும் பிவிசி குழாய்த் துண்டு நல்லது. குஹ்லிக்கு முக்கால் அங்குல அல்லது ஓர் அங்குலக் குழாய், ஒரு சாண் நீளம், இரண்டு பக்கமும் திறந்தபடி. அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். லோச்சுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் எதிலாவது உரசிக்கொண்டு இருப்பது பிடிக்கும். பெரிய குகையைவிட நெருக்கமான இடுக்கைத்தான் தேடும்.

தேங்காய்ச் சிரட்டையை நாரெல்லாம் சுரண்டிக் கொதிக்க வைத்துக் கவிழ்த்து வைக்கலாம். மண்பானை, மண்சட்டியும் அருமையானவை. பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் பொங்கல் சமயத்தில் விற்பதில் சாயம் பூசாத, பளபளப்பு ஏற்றாத பானையாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சளும் வெள்ளையும் தீட்டிய பானை டேங்குக்கு ஆகாது. உடைந்த விளிம்பு கூராக இருந்தால் தேய்த்துவிட வேண்டும்.

கோட்டை பொம்மைகளில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன ஜன்னல் வழியாகக் குட்டி க்ளவுன் லோச் நுழையும். ஆறு மாதம் கழித்து அதே ஜன்னலில் மாட்டிக்கொள்ளும். வளரும் மீனுக்கு வளரும் அளவைப் பார்த்து வாசல் இருக்க வேண்டும்.

அடியில கல்லு போடுறதா, மணலா?

மணல். குஹ்லிக்கு வாயைச் சுற்றி மூன்று ஜோடி மீசை உண்டு. அதை வைத்துத்தான் உணவைக் கண்டுபிடிக்கிறது. கூரான சரளைக்கல் அந்த மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும். மெல்லிய மணலை 3, 4 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால், குஹ்லி தலை மட்டும் தெரியப் புதைந்து படுக்கும். பார்க்கவே ஆசையாக இருக்கும். கடல் மணல் வேண்டாம், தண்ணீரின் கடினத்தைக் கூட்டிவிடும்.

ஜோடியா இருக்கட்டும்னு ரெண்டு வாங்கினேன். போதாதா?

போதாது. குஹ்லி குறைந்தது ஆறு, க்ளவுன் லோச் குறைந்தது ஐந்து. மேலே சொன்ன மறைவிடங்களுக்கு அடுத்து, பயத்தைப் போக்குவது கூட்டம்தான். ஒன்று வெளியே வந்து ஆபத்தில்லாமல் திரிவதைப் பார்த்துத்தான் அடுத்தது வரும். ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் அந்த முதல் அடியை எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆறு குஹ்லிக்கு இரண்டடி டேங்க் தாராளம். அதன் உயரத்தைவிடத் தரைப் பரப்புதான் முக்கியம். க்ளவுன் லோச் ஐந்து வாங்குவதென்றால், அவை பெரிதாகும்போது ஐந்தாறு அடி டேங்குக்கு வீட்டில் இடம் இருக்குமா என்று இப்போதே யோசியுங்கள். சின்ன பிளாட்டில் இருப்பவர்களுக்கு நான் எப்போதும் குஹ்லியைத்தான் சொல்வேன்.

லைட்டை எவ்வளவு நேரம் போடணும், அங்கிள்? அணைச்சா எனக்குத் தெரியமாட்டேங்குது.

ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். நீ பள்ளிவிட்டு வந்து பார்க்கும் நேரத்துக்கு ஏற்ப டைமர் வைத்துக்கொள். பகலெல்லாம் எரிய வேண்டியதில்லை.

வெளிச்சத்தின் அளவைவிட அது விழும் விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஆகாயத்தாமரை, சால்வினியா போன்ற மிதக்கும் செடிகள் மேற்பரப்பில் பாதியை மூடினால், கீழே நிழலும் ஒளியும் கலந்து விழும். நிழல் பகுதியில் லோச் பகலிலும் மேயும். ஜாவா ஃபெர்னும் கிரிப்டோகொரைனும் மங்கல் ஒளியிலேயே வளர்பவை. இரண்டும் மலேசிய ஓடைகளில் இயல்பாக இருக்கும் செடிகள் என்பதால் நம் வீட்டு வெப்பம் அவற்றுக்குப் பிரச்சினையில்லை. இருட்டிலிருந்து சட்டென்று டேங்க் விளக்கைப் போடாதே. முதலில் அறை விளக்கு, பத்து நிமிடம் கழித்து டேங்க் விளக்கு.

ரோட்டோரம் விழுற கெத்தாப்பாங் இலையைப் போடலாமா? தண்ணி டீ மாதிரி ஆகுதே?

கெத்தாப்பாங், ஊரில் நாட்டு வாதுமை என்பார்களே, அந்த மரத்து இலை லோச்சுக்கு மிக நல்லது. தண்ணீருக்கு வரும் பழுப்பு நிறம், இலையிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். வெளிச்சத்தை மட்டுப்படுத்தும், தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைச் சற்றே இறக்கும். குஹ்லியின் சொந்த நீர் இந்த நிறம்தான் என்று மேலே பார்த்தோம். விழுந்து கிடக்கும் இலைக்கு அடியில் அவை கூட்டமாகப் படுத்திருக்கும்.

தானாக உதிர்ந்து பழுப்பேறிக் காய்ந்த இலையாக எடுங்கள். பச்சை இலை வேண்டாம். வாகனப் புகை படியும் பெரிய சாலை ஓரமும், பூச்சிமருந்து அடிக்கும் தோட்டமும் தவிர்க்க வேண்டியவை. பினாங்குக் கடற்கரைப் பக்கம் இந்த மரம் நிறைய. கழுவி, வெயிலில் காயவைத்து, இரண்டடி டேங்குக்கு இரண்டு இலையில் தொடங்குங்கள். ஒரே நாளில் பத்து இலை போட்டு பி.எச். அளவை ஆட்டிவிடக் கூடாது.

கூட எந்த மீன் விட்டா பயப்படாது?

மேல் மட்டத்திலும் நடு மட்டத்திலும் கூட்டமாக, நிதானமாக நீந்தும் சின்ன மீன்கள். ஹார்லிகுவின் ரஸ்போரா எட்டு பத்து விட்டுப் பாருங்கள், அதுவும் இந்த மண்ணின் மீன்தான். மேலே சின்ன மீன்கள் பதறாமல் திரிந்தால் கீழே இருப்பது அதைப் பாதுகாப்புக்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளும். ஃப்ளவர்ஹார்ன், அரோவானா போன்ற பெரிய வேட்டை மீன்களோடு சேர்க்கவே கூடாது. டைகர் பார்ப் வால் கடிக்கும், சிவப்புவால் ஷார்க் தரையைத் தன் இடமென்று விரட்டும்.

போடுற தீனியை மேல இருக்கிற மீனே தின்னுடுது. இதுக்கு எதுவும் கிடைக்கிற மாதிரி தெரியலையே?

விளக்கை அணைத்து அரைமணி கழித்து, மூழ்கும் தீனியை மறைவிடத்து வாசலிலேயே போடுங்கள். அதற்கு முன் மேல் மீன்களுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் உறைந்த இரத்தப்புழுவை ஒரு கப் டேங்க் தண்ணீரில் கரைத்துக் குழாயால் அடியில் விடலாம். சாக்கடை ஓரத்தில் எடுத்த உயிர்ப் புழுக்கள் வேண்டாம், நோயைக் கொண்டு வரும்.

ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் சீக்கிரம் பழகும். பிறகு அந்த நேரத்தைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்துங்கள். விளக்கு எரியும்போதே தீனிக்கு வரும் நாள் வந்துவிடும். பகலில் மீனைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

டேங்க் ஹால்ல டிவி பக்கத்துல இருக்கு. சாமி மேடையும் பக்கத்துலதான். சத்தம் கேக்குமா?

நன்றாகவே கேட்கும். லோச்சும் கெண்டையும் சேர்ந்த பெருங்கூட்டத்தில், காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சின்னஞ்சிறு எலும்புகள் உண்டு. அதனால் செவி கூர்மை. ஆனால் காற்றில் வரும் ஓசையில் பெரும்பகுதி தண்ணீர்ப் பரப்பிலேயே திரும்பிவிடும். மணியோசையைவிட, டேங்க் நிற்கும் மேசை வழியாக ஏறும் அதிர்வுதான் தொல்லை: அதே மேசையில் ஸ்பீக்கர், பக்கத்தில் அறைந்து சாத்தும் கதவு, கண்ணாடியைத் தட்டும் குழந்தைகள். டேங்குக்கு அடியில் நுரைப்பாய் போடுங்கள், ஸ்பீக்கரை வேறு மேசைக்கு மாற்றுங்கள்.

சாம்பிராணிப் புகையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஏர் பம்ப் சுற்றியுள்ள காற்றை இழுத்துத்தான் தண்ணீரில் விடுகிறது. பம்பைச் சாமி மேடையிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லையென்றால் தூபம் போடும் நேரம் மட்டும் நிறுத்துங்கள்.

தண்ணி மாத்தின அன்னிக்கு எல்லாம் பதறி ஓடுதே, ஏன்?

மூன்று காரணங்களைப் பாருங்கள். முதலாவது குளோரின். குழாய்த் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் போடாமல் விடக் கூடாது. இரண்டாவது வெப்பம். பிளாட்டுகளில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் சுடச்சுட வரும். காலையிலோ இரவிலோ மாற்றுங்கள், இரண்டு தண்ணீரையும் தெர்மாமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது அளவு. வாரம் 20, 25 சதவீதம் போதும், பாதித் தண்ணீரை ஒரேயடியாக எடுக்காதீர்கள்.

தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திரும்பும்போது முதலில் வரும் கலங்கல் தண்ணீரை டேங்கில் விட வேண்டாம். அறிவிப்பு வந்ததுமே இரண்டு வாளி பிடித்து மூடி வைத்துவிட்டால் அந்த வாரத்துக்குக் கவலையில்லை. டேங்கைச் சுத்தம் செய்யும்போது மறைவிடங்களில் பாதியை மட்டும் தொடுங்கள். மீதி அடுத்த முறை.

டெங்கிக்குப் புகை அடிக்க வர்றாங்கன்னு சொல்றாங்க. டேங்கை என்ன செய்யுறது?

அந்தப் புகையில் பயன்படும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. ஜன்னல்களைச் சாத்துங்கள், ஏர் பம்பை நிறுத்துங்கள், டேங்கைப் பிளாஸ்டிக் விரிப்பாலும் அதன்மேல் ஈரத்துணியாலும் மூடுங்கள். உள்ளே தண்ணீருக்குள் ஓடும் ஃபில்டர் ஓடட்டும். புகை முழுக்க அடங்கி வீட்டில் காற்றோட்டம் வந்த பிறகு திறந்து பம்பைப் போடலாம். வீட்டில் அடிக்கும் கொசு ஸ்ப்ரேக்கும் இதே எச்சரிக்கைதான்.

க்ளவுன் லோச் ஒண்ணு சாய்ஞ்சு படுத்துக் கிடக்கு. தொட்டா எழுந்து ஓடுது. என்ன வியாதி?

வியாதி இல்லை. க்ளவுன் லோச் ஒருக்களித்துப் படுத்து ஓய்வெடுக்கும், சில நேரம் மல்லாந்துகூட. டிக் டிக் என்று ஓசையும் எழுப்பும். தங்களுக்குள் யார் பெரியவர் என்று மோதும்போது உடம்பு சாம்பல் நிறமாக மாறி, முடிந்ததும் பழைய நிறத்துக்கு வரும். செவுள் வேகமாக அடித்தாலோ, நிறம் மணிக்கணக்கில் திரும்பாமல் இருந்தாலோ மட்டும் தண்ணீரைச் சோதியுங்கள்.

மேல பாய்ஞ்சு வந்து காத்தை விழுங்கிட்டுக் கீழ ஓடுது. சரிதானா?

எப்போதாவது ஒரு முறை என்றால் இயல்பு. குஹ்லி விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து அடிக்கடி பாய்ந்தால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5 தான். வெயில் மாதங்களில் நம் டேங்குகள் 30 டிகிரியைத் தொடுவதால், ஏர் பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோன் அவசியம். மேற்பரப்புக்குச் சின்ன விசிறி வைத்தாலும் வெப்பம் இறங்கும்.

ஆறுல ஒண்ணைக் காணோம். இந்தத் தடவை நிஜமாவே காணோம்.

ஃபில்டரைத் திறந்து பாருங்கள். உறிஞ்சும் குழாய் வழியாக உள்ளே போய், அங்கேயே அழுக்கைத் தின்றுகொண்டு உயிரோடு இருக்கும் குஹ்லிகள் உண்டு. அந்தக் குழாய்க்குப் பஞ்சு உறை போட்டுவிடுங்கள். அடுத்து டேங்குக்குப் பின்னால் தரை. குஹ்லி வயர் போகும் ஓட்டை வழியாகக்கூட வெளியேறும். மூடியில் இருக்கும் எல்லா இடைவெளியையும் பஞ்சால் அடைக்க வேண்டும்.

வெள்ளைப் புள்ளி வந்திருக்கு. பாட்டில்ல போட்ட அளவு மருந்து ஊத்தலாமா?

லோச்சுக்குச் செதில் மிகச் சிறியது, தோலில் புதைந்தது. மருந்து உடம்பில் எளிதில் ஏறும். தாமிரம் கலந்த மருந்தும் உப்பும் அதைக் கடுமையாகப் பாதிக்கும். லோச்சுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட மருந்தாகப் பார்த்து, பாதி அளவில் தொடங்குங்கள். தண்ணீரை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றி, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். மருந்து வேலை செய்வது ஒட்டுண்ணி உடம்பை விட்டு வெளியே நீந்தும் கட்டத்தில் மட்டும்தான். அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். சிகிச்சை நேரத்திலும் குழாயையும் சிரட்டையையும் எடுக்காதீர்கள்.

ஒண்ணுக்கு வயிறு பெருத்து உள்ள பச்சையாத் தெரியுது. கட்டியா?

பெண் குஹ்லி. அந்தப் பச்சை, முட்டை. தோல் வழியாகவே தெரியும். மீன் உங்கள் டேங்கில் நன்றாக இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். முட்டையிட்டால் மிதக்கும் செடிகளுக்கு நடுவே இடும், பெரும்பாலும் மற்ற மீன்கள் தின்றுவிடும்.

ரெண்டு வருஷமா பகல்லயே வெளிய வந்துட்டு இருந்துச்சு. திடீர்னு மறுபடி ஒளியுது. என்ன ஆச்சு?

பழகிய மீன் மாறினால் ஏதோ மாறியிருக்கிறது. முதலில் தண்ணீரில் மீன் கழிவால் சேரும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளவுகளைச் சோதியுங்கள். பிறகு கடைசி ஒரு மாதத்தை நினைத்துப் பாருங்கள்: புது மீன் வந்ததா, விளக்கை மாற்றினீர்களா, மிதக்கும் செடியை வாரி எடுத்தீர்களா, மேசையில் புதிதாக ஏதாவது வைத்தீர்களா, கூட்டத்தில் ஒன்றிரண்டு இறந்து எண்ணிக்கை குறைந்ததா. பெரும்பாலும் விடை இதற்குள் இருக்கும்.

மறைவதோடு முதுகு கத்தி போல் மெலிந்து, சாப்பிட்டும் உடம்பு தேறாமல் இருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். லெவாமிசோல் போன்ற புழு மருந்து தேவைப்படும். அளவை மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, வீடு மாறுறோம், செந்தூல்ல இருந்து பட்டர்வொர்த்துக்கு. எப்படிப் பிடிச்சுக் கொண்டு போறது?

வலை வேண்டாம்மா. லோச்சுக்குக் கண்ணுக்குக் கீழே மடங்கும் முள் உண்டு. பயந்தால் அதை விரிக்கும், வலையில் மாட்டிக் கிழியும். மீன் உள்ளே இருக்கும்போதே பிவிசி குழாயின் இரண்டு முனையையும் உள்ளங்கையால் மூடி, அப்படியே தூக்கி டப்பாவுக்குள் விடுங்கள். முந்தின நாள் சாப்பாடு போட வேண்டாம். மூடியுள்ள வாளியில் டேங்க் தண்ணீரைப் பாதி ஊற்றி, இரண்டு கெத்தாப்பாங் இலையும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் போட்டு, வண்டியில் வெயில் படாத இடத்தில் வைத்தால் அந்த நாலைந்து மணி நேரப் பயணத்தைத் தாங்கும். ஃபில்டர் பஞ்சைக் காயவிடாமல் பழைய டேங்க் தண்ணீரிலேயே ஊறவைத்துக் கொண்டு போங்கள்.